காம்பரா என்னும் சொல்



டிக்கோயாப் பள்ளத்தாக்கில் பொழுது புலருமுன்னரே தேயிலைத் தோட்டங்கள் விழித்துக்கொள்கின்றன. பனிமூட்டம் மலைச்சரிவை விட்டு விலகாத அவ்வேளையில், கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு மலைக்குப் புறப்படும் தாய், தன் கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்கின்றாள். மாலையில் அவள் திரும்பி வந்து அடுப்பு மூட்டும் இடத்துக்கும் லயக் காம்பரா என்றே பெயர். பகலெல்லாம் அவள் கொய்த கொழுந்து ஆலையிலே தேயிலையாகிக் கொழும்புக்குச் சென்று, அங்கே ஏலத்தில் விலைப்படுகின்றது.

காம்பரா, ஆயா, ஏலம் என்னும் இம்மூன்று சொற்களும் மலைநாட்டுத் தமிழில் தாய்மொழிச் சொற்களைப் போலவே வழங்கி வருகின்றன. ஆயினும் மூன்றும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்து சேர்ந்தவை. பிள்ளையை வளர்க்கும் இடமும், வளர்ப்பவளும், உழைப்பின் பலன் விலைப்படும் முறையும் ஓர் ஐரோப்பிய இனத்தாரின் சொற்களால் அழைக்கப்படுகின்றன. இதில் விந்தை யாதெனில், டிக்கோயாவின் மலைகளைப் போர்த்துக்கேயர் ஒருபோதும் ஆண்டதில்லை. அவர்கள் இத்தீவை விட்டு அகன்று இருநூறு ஆண்டுகள் சென்ற பின்னரே அங்கு லயங்கள் எழுந்தன. ஆட்சி ஒன்று முடிந்த பின்னரும் அதன் சொல் நிலைத்திருப்பதை இது காட்டுகின்றது. சொல் மட்டுந்தானா நிலைத்திருக்கின்றது, வேறேதும் நிலைத்திருக்கின்றதா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

போர்த்துக்கேயர் 1505ஆம் ஆண்டில் லொரென்சோ த அல்மேதாவின் தலைமையில் இலங்கைக் கரையை அடைந்தனர். முதலில் அவர்கள் வேண்டியது கறுவா வாணிகம். பின்னர் கோட்டை கட்டினர். கோட்டையைக் காக்கப் படை வைத்தனர். படையைப் பேண நிலவரி கேட்டனர். கோட்டே அரசன் தர்மபாலன் 1580ஆம் ஆண்டில் தன் அரசையே போர்த்துக்கேய மன்னனுக்கு உரிமையாக்கி உறுதி எழுதிக் கொடுத்தான். 1597இல் அவன் இறந்ததும் அந்த உறுதி நடைமுறைக்கு வந்தது. வடக்கே யாழ்ப்பாண அரசு 1619ஆம் ஆண்டில் பிலிப் தெ ஒலிவேராவின் படையிடம் வீழ்ந்தது. அதன் கடைசி மன்னன் சங்கிலி குமாரன் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே கொல்லப்பட்டான். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடித்துத் தள்ளப்பட்டது. ஊர் ஊராக நிலங்கள் அளக்கப்பட்டுத் தோம்பு என்னும் ஏட்டில் பதியப்பட்டன. தோம்பு என்பதும் அவர்களுடைய சொல்லே.

மலைநாடு மட்டும் அவர்களுக்கு வசப்படவில்லை. கண்டியைக் கைப்பற்ற வந்த பெரும்படை 1594ஆம் ஆண்டில் தந்துரையில் அழிந்தது. 1638ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கன்னொறுவையில் நிகழ்ந்த போரில் மற்றொரு படை ஏறத்தாழ முற்றாக மடிந்தது. அதன்பின் ஒல்லாந்தர் கண்டி மன்னனோடு கூட்டுச் சேர்ந்து, 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்துக்கொள்ள, போர்த்துக்கேயரின் ஆட்சி இத்தீவில் முடிவுற்றது.

ஆட்சி முடிவுற்றதேயன்றி மொழி உடனே மறையவில்லை. ஒல்லாந்தர் காலத்திலும் துறைமுகங்களில் பலருக்கும் பொதுவான பேச்சாக உருத்திரிந்த போர்த்துக்கேயமே விளங்கியது. மட்டக்களப்புப் பறங்கியர் சிலரின் இல்லங்களில் அதன் வழித்தோன்றல் இந்நூற்றாண்டிலும் ஒலிக்கின்றது. மேசை, கதிரை, அலமாரி, சப்பாத்து, பாண், குசினி என வீட்டுக்குள் புழங்கும் சொற்கள் பலவும் அவ்வழியே வந்தவை. பாக்குநீரிணையின் இரு கரைத் தமிழிலும் இத்தகைய சொற்கள் ஊறியிருந்தன. ஆங்கிலேயத் தோட்டக்காரர் மலையில் வரிசை வரிசையாக அறைகளைக் கட்டித் தொழிலாளரைக் குடியமர்த்தியபோது, அறைக்குரிய பெயர் மக்களின் நாவில் முன்னரே அணியமாக இருந்தது.

இந்தச் சொல்லுக்குப் பிறந்த நாட்டில் இன்னொரு பொருளும் உண்டு. காமரா என்றால் போர்த்துக்கேய மொழியில் அறை என்பதோடு, நகரத்தாரின் பிரதிநிதிகள் கூடி ஊர்க் காரியங்களை முடிவு செய்யும் சபை என்றும் பொருள். இன்றைக்கும் லிஸ்பனின் மாநகர சபையை அந்நாட்டார் காமரா என்றே அழைக்கின்றனர். ஆகவே ஒரே சொல் ஓரிடத்தில் ஆளுஞ்சபையைக் குறிக்கின்றது. மற்றோரிடத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள லயத்து அறையைக் குறிக்கின்றது. ஆட்சிக்கு உட்பட்டவன் இவ்விரண்டில் எதற்குள் இருந்தான், ஆட்சி போன பின் எதற்குள் நுழைந்தான் என்று கேட்டால், குடியேற்ற ஆட்சியின் வரலாறே விளங்கிவிடும்.

இக்கேள்விக்கு விடை காண இந்துமாக்கடலைக் கடந்து ஆபிரிக்காவின் கிழக்குக் கரைக்குச் செல்லுதல் வேண்டும். அங்கே மொசாம்பிக் என்னும் நாடு உள்ளது. அந்நாட்டுக்கும் இலங்கைக்கும் உள்ள உறவு பலரும் அறியாதது. போர்த்துக்கேயர் தம் கீழ்த்திசை உடைமைகள் அனைத்தையும் கோவாவிலிருந்தே ஆண்டனர். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்த அதிகாரிகள் எந்தக் கோவாவின் ஆணைக்குக் காத்திருந்தனரோ, அதே கோவாவின் ஆணைக்கே மொசாம்பிக்கில் இருந்தவர்களும் காத்திருந்தனர். 1752ஆம் ஆண்டில்தான் மொசாம்பிக் கோவாவின் நிருவாகத்திலிருந்து பிரிக்கப்பட்டது. ஆபிரிக்கக் கரையிலிருந்து அடிமைகளாகவும் படைவீரராகவும் மனிதரைக் கப்பலேற்றி இலங்கைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதல்வரும் போர்த்துக்கேயரே. பின்வந்த ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதைத் தொடர்ந்தனர். அவ்வாறு வந்தோரின் சந்ததியினர் புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் இன்றும் வாழ்கின்றனர். மஞ்சா என்னும் அவர்களுடைய பாடலாடலில் போர்த்துக்கேயச் சொற்கள் கேட்கின்றன.

போர்த்துக்கேயர் இலங்கையை ஆண்டது ஒன்றரை நூற்றாண்டு. மொசாம்பிக்கிலோ, வாஸ்கோ ட காமா 1498இல் வந்திறங்கிய நாள் முதலாக 1975 வரை, ஏதோவொரு வடிவில் அவர்கள் இருந்தனர். கரையோரக் கோட்டைகளில் தொடங்கிய அவ்வாட்சி நாடு முழுவதும் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமே. அப்போது அந்நாட்டு மக்கள் சட்டத்தினால் இரு வகையாகப் பிரிக்கப்பட்டனர். போர்த்துக்கேயக் குடிகள் ஒரு வகை. சுதேசிகள் மற்றொரு வகை. சுதேசி ஒருவன் குடியுரிமை பெற விரும்பினால், போர்த்துக்கேய மொழியைக் கற்று, அவர்களுடைய வாழ்க்கை முறையை மேற்கொண்டு, அதற்குச் சான்றுகளைக் காட்டி அதிகாரிகளின் ஒப்புதலைப் பெறவேண்டும். தன் பாட்டன் பூட்டன் பிறந்த மண்ணில் ஒருவன் தன்னைக் குடிமகனென்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அவ்வாறு ஏற்கப்பட்டவர் மிகச் சிலரே.

ஏற்கப்படாதவர் மீது வேலைக் கடமை சுமத்தப்பட்டது. சிபாலு என அவர்கள் அழைத்த கட்டாய வேலை முறையின்படி, வரி கட்ட இயலாதவனும், வேலை செய்ததற்குச் சான்று காட்ட இயலாதவனும் பிடிக்கப்பட்டு, வீதி போடவும் தோட்டங்களில் உழைக்கவும் மாதக்கணக்காக அனுப்பப்பட்டனர். வடக்கே குடியானவர் தம் நிலத்தில் பருத்தியையே பயிரிட வேண்டுமென்று பணிக்கப்பட்டனர். தெற்கே இளைஞர் பல்லாயிரவர் தென்னாபிரிக்கச் சுரங்கங்களுக்குச் சென்றனர். 1951ஆம் ஆண்டில் லிஸ்பனிலிருந்த சலாசாரின் அரசு, தன்னிடம் குடியேற்ற நாடுகளே இல்லையென்றும், கடல் கடந்த மாகாணங்களே உள்ளனவென்றும் உலகுக்கு அறிவித்தது. பெயர் மாறியது, சிபாலு மாறவில்லை. சுதேசிகளை வேறுபடுத்திய சட்டமும் 1961ஆம் ஆண்டு வரை நீக்கப்படவில்லை.

அந்நாட்டின் சம்பேசியா மாகாணத்தில் குருவே என்னும் மலையூர் இருக்கின்றது. நமுலி மலையின் அடிவாரத்தில், குளிர்ந்த காற்றும் மிகுந்த மழையும் உள்ள அச்சரிவுகளில் போர்த்துக்கேயர் தேயிலை பயிரிட்டனர். டிக்கோயாவைச் சேர்ந்த ஒருவரைக் கண்ணைக் கட்டி அழைத்துச் சென்று அங்கே விட்டால், தம் ஊருக்கே வந்துவிட்டதாக எண்ணக்கூடும். பச்சைக் கம்பளம் போர்த்த குன்றுகள், அவற்றினிடையே ஆலைக் கூரைகள், மேட்டிலே துரையின் பங்களா, பள்ளத்திலே தொழிலாளரின் குடில்கள் எனக் காட்சி ஒன்றேதான். தோட்டம் நட்ட ஜுங்கெய்ரோ என்னும் போர்த்துக்கேயரின் பெயரையே அவ்வூருக்கும் சூட்டியிருந்தனர்.

இரு மலைகளுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. குருவேயில் கொழுந்தெடுத்தவன் அம்மண்ணின் மைந்தன். அவனை அவனுடைய மண்ணிலேயே அந்நியனாக்கினர். டிக்கோயாவில் கொழுந்தெடுத்தவனோ கடல் கடந்து கொண்டுவரப்பட்டவன்.

டிக்கோயா என்பது சிங்களத்தில் நீண்ட ஓடை எனப் பொருள்படும். கண்டி அரசு 1815இல் ஆங்கிலேயர் கைக்கு வந்த பின்னர், கோப்பிப் பயிருக்காக மலைக்காடுகள் படிப்படியாக அழிக்கப்பட்டன. 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1867இல், லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். கோப்பி இருந்த இடங்களிலெல்லாம் தேயிலை நின்றது. திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து கங்காணிமார் ஆள் திரட்டி அழைத்து வந்தனர். வழிச் செலவுக்காகக் கொடுக்கப்பட்ட முன்பணமே தொழிலாளியின் முதற்கடனாயிற்று. அக்கடனைத் தீர்த்தாலன்றி வேறு தோட்டத்துக்குச் செல்ல இயலாதவாறு துண்டு முறை அவனைக் கட்டி வைத்தது. 1921ஆம் ஆண்டில்தான் அம்முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. மொசாம்பிக்கில் சிபாலு செய்த வேலையை இங்கே கடன் செய்தது. அங்கே கயிறு கண்ணுக்குத் தெரிந்தது. இங்கே அது கணக்கேட்டில் இருந்தது.

இனி, சபை என்னும் காம்பராவின் கதையைப் பார்த்தல் தகும். டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931ஆம் ஆண்டில் இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தபோது, தோட்டத் தொழிலாளருள் ஒரு பகுதியினர் அதைப் பெற்றனர். 1947ஆம் ஆண்டின் பொதுத்தேர்தலில் மலைநாட்டுத் தமிழரின் பிரதிநிதிகள் பாராளுமன்றம் சென்றனர். நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் தெரிவானதும் அத்தேர்தலிலேயே. லயக் காம்பராவில் வாழ்ந்தவர் நாட்டின் காம்பராவுக்குள் அடி எடுத்து வைத்த நேரம் அது.

அடுத்த ஆண்டிலேயே சுதந்திரம் வந்தது. சுதந்திரம் வந்த அதே 1948ஆம் ஆண்டில், 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் வந்தது. இலங்கையில் பிறந்தவனாயினும், தன் தந்தையும் இங்கே பிறந்தவரென்று மெய்ப்பித்தல் வேண்டும்; அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்தனரென்று காட்டுதல் வேண்டும். பிறப்புப் பதிவே அரிதாயிருந்த தோட்டங்களில் இச்சான்றுகளை எங்ஙனம் பெறுவது? மலைநாட்டுத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலின்போது அவர்கள் வாக்குச்சாவடிக்கு வெளியே நின்றனர்.

மொசாம்பிக்கின் சுதேசிச் சட்டத்தையும் இலங்கையின் பிரசாவுரிமைச் சட்டத்தையும் அருகருகே வைத்து நோக்குபவர் ஓர் உண்மையைக் காண்பர். முன்னது அந்நிய ஆட்சி இயற்றியது. பின்னது சுதந்திர நாடு இயற்றியது. ஆயினும் இரண்டும் ஏழைத் தொழிலாளியை நோக்கி, உன் சான்று எங்கே என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டன. அந்நியன் போய்விட்டால் அவன் கேட்ட கேள்வியும் போய்விடும் என்று எண்ணுவது தவறு. போன ஆட்சியின் சொற்களைப் போலவே அதன் வழக்கங்களும் வீட்டுக்குள் தங்கிவிடக்கூடும்.

மொசாம்பிக் மக்கள் வேறு வழியில் சென்றனர். 1960ஆம் ஆண்டு சூன் மாதத்தில் முவேதா என்னும் ஊரில் குறைகளை முறையிடக் கூடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. 1962இல் தார் எஸ் சலாம் நகரில் பிரெலிமோ என்னும் விடுதலை முன்னணி அமைந்தது. 1964 செப்டெம்பரில் அது ஆயுதப் போரைத் தொடங்கியது. அதன் முதல் தலைவர் எடுவார்தோ மொண்ட்லானே 1969இல் வெடிகுண்டுப் பொதி ஒன்றினால் கொல்லப்பட்டார். 1972 டிசெம்பரில் விரியாமு என்னும் ஊரிலும் அயற் குடியிருப்புகளிலும் போர்த்துக்கேயப் படையினர் பெண்டிர், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோரைக் கொன்றனர். இறுதியில் போரினால் களைத்த போர்த்துக்கேயப் படைத்துறையினரே 1974 ஏப்பிரல் 25ஆம் நாள் லிஸ்பனில் தம் அரசைக் கவிழ்த்தனர். துப்பாக்கிக் குழல்களில் மக்கள் செம்மலர்களைச் செருகிய புரட்சி அது. 1975 சூன் 25ஆம் நாள் மொசாம்பிக் சுதந்திரம் பெற, சமோரா மஷேல் அதன் முதற் குடியரசுத் தலைவரானார்.

சுதந்திரத்தின் பின் அங்கு நிகழ்ந்தவை கவனத்துக்குரியன. ஏறத்தாழ இரண்டு இலட்சம் போர்த்துக்கேயர் அந்நாட்டில் வாழ்ந்தனர். அவருட் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளில் வெளியேறினர். இருபத்துநான்கு மணி நேரத்துள் இருபது கிலோப் பொதியுடன் வெளியேறுமாறு ஆணை பெற்றவரும் உண்டு. போகும்போது இயந்திரங்களைச் சிதைத்துவிட்டுப் போனவரும் உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்தவர் பத்தில் ஒருவர்கூட இல்லாத நாட்டில், ஆலையை நடத்தவும் கணக்கெழுதவும் மருத்துவம் பார்க்கவும் ஆள் இல்லாமற் போயிற்று.

தலைநகரம் நெடுங்காலம் இரண்டு நகரங்களாக இருந்தது. வெள்ளையர் வாழ்ந்தது சீமெந்து நகரம். ஆபிரிக்கர் வாழ்ந்தது அதைச் சுற்றிய நாணற் குடிசைகளின் நகரம். 1976 பெப்புருவரி 3ஆம் நாள் புதிய அரசு வாடகை வீடுகள் அனைத்தையும் நாட்டுடைமையாக்கியது. நாணற் குடிசைகளிலிருந்து குடும்பங்கள் சீமெந்து வீடுகளுக்குள் குடிபுகுந்தன. அறை என்னும் காம்பராவும் சபை என்னும் காம்பராவும் அவர்களுக்கு ஒருங்கே கிடைத்தன.

ஆனால், அறையும் சபையும் கிடைத்தவருக்கு அமைதி கிடைக்கவில்லை. 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் அந்நாட்டை வாட்டியது. குருவேயின் தோட்டங்கள் அரசுடைமையாகியிருந்தன; போரிலே ஆலைகள் பல பாழாயின; கொழுந்து எடுப்பாரின்றித் தேயிலைச் செடிகள் மரங்களாக வளர்ந்தன. போர் முடிந்த பின்னர்த் தனியார் சிலர் முயன்று ஒரு பகுதியை மீட்டனர். எனினும் பழைய நிலை திரும்பவில்லை. உரிமை வந்தது, உழைப்புக்கு இடம் இல்லாமற் போயிற்று.

டிக்கோயாவில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. அங்கே தேயிலை ஒருநாளும் மரமாக வளரவிடப்படவில்லை. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களினால் தோட்டங்கள் அரசின் உடைமையாயின. ஆங்கிலக் கம்பனிகளும் வெள்ளைத் துரைமாரும் விடைபெற்றனர். 1992ஆம் ஆண்டில் தோட்டங்களின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. உடைமையாளர் மாறினர்; செடிகள் தவறாமல் கவ்வாத்து வெட்டப்பட்டன; கொழுந்து தவறாமல் ஏலத்துக்குச் சென்றது. இடம்பெயர்க்கப்பட்டவர்கள் மனிதர்களே. 1964ஆம் ஆண்டில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974ஆம் ஆண்டின் உடன்பாடு இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரித்தது. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மற்றொரு நாட்டுக்கும் உரியவராயினர். அட்டன் புகையிரத நிலையத்திலிருந்து புறப்பட்ட வண்டிகளில் கண்ணீரோடு சென்றவர்கள் பலர், தாம் ஒருபோதும் கண்டிராத ஊருக்கே திரும்பிச் சென்றனர்.

ஆக, ஒரு மலையில் மனிதர் குடிகளாயினர், தேயிலை அழிந்தது. மற்றொரு மலையில் தேயிலை தழைத்தது, மனிதர் நாடற்றவராயினர். இவ்விரண்டில் எதையும் விடுதலையின் நிறைவென்று சொல்லுதல் இயலாது.

ஆண்ட நாட்டுக்கும் ஆளப்பட்ட நாட்டுக்கும் உள்ள உறவு, கொடி இறங்கும் நாளோடு முடிந்துவிடுவதில்லை. சம்பேசி ஆற்றின் குறுக்கே போர்த்துக்கேயர் கட்டிய ககோரா பாசா என்னும் பேரணை 1974இல் கட்டி முடிக்கப்பட்டது. அணை மொசாம்பிக் மண்ணில் இருந்தது. அதனை நடத்திய கம்பனியின் நூற்றுக்கு 82 பங்கு போர்த்துக்கலிடம் இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் 32 ஆண்டுகள் கழித்து, 2007ஆம் ஆண்டு நவம்பரில்தான் அதன் பெரும்பங்கு மொசாம்பிக்கின் கைக்கு வந்தது. இடையில் உறவும் மெல்லத் திருந்தியது. 1996இல் போர்த்துக்கேய மொழி வழங்கும் நாடுகளின் சமூகம் அமைந்தபோது, இரு நாடுகளும் அதில் சம உறுப்பினராக அமர்ந்தன. அடிமைப்படுத்தியவனின் மொழியையே மொசாம்பிக் தன் அரசகரும மொழியாக வைத்துக்கொண்டது. பல மொழிகள் பேசும் மக்களை இணைக்க அது உதவுமென்று விடுதலைப் போராளிகளே கருதினர். இந்நூற்றாண்டின் இரண்டாம் பத்தில் போர்த்துக்கலில் வேலையின்மை மிகுந்தபோது, அந்நாட்டு இளைஞர் பிழைப்புத் தேடி மொசாம்பிக்குக்குக் கப்பலேறாமல் விமானமேறி வந்தனர்.

2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் போர்த்துக்கலின் பிரதமர் அந்தோனியோ கொஸ்தா மபுத்தோ நகரில் நின்று, விரியாமுவில் நிகழ்ந்த கொலைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அவருடைய தந்தை வழி முன்னோர் கோவாவைச் சேர்ந்தவர்கள். ஐம்பது ஆண்டுகள் சென்ற பின் சொல்லப்பட்ட சொல் அது. மாண்டவர் மீளார், எனினும், நிகழ்ந்தது நிகழ்ந்ததென்று ஆண்டவன் நாட்டார் ஒப்புக்கொள்வது உறவுக்குக் கடைக்கால் இடுவதாகும்.

டிக்கோயா மக்களுக்கு அத்தகைய சொல்லை யார் சொல்லுவது? ஆங்கிலேயர் அழைத்து வந்தனர். இலங்கை வாக்குரிமையை எடுத்தது. இந்தியா எண்ணிக்கை பேசியது. மூன்று வாசல்களிலும் நின்றவர்களுக்கு, உரிமை தவணை முறையில் வந்தது. 1977ஆம் ஆண்டில் அவர்களுடைய பிரதிநிதி மீண்டும் தேர்தல் மூலம் பாராளுமன்றம் சென்றார். நாடற்றவராக எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரசாவுரிமை வழங்கியது. ஊராட்சியின் கதையும் இத்தகையதே. அட்டன், டிக்கோயா என்னும் இரு ஊர்ப் பெயர்களையும் தாங்கிய நகரசபை நெடுங்காலமாக உண்டு. ஆனால் நகர எல்லைக்கு அப்பால் உள்ள தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் தம் நிதியைச் செலவிட 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் இடந்தரவில்லை. லயத்துக்குச் செல்லும் பாதையையோ தண்ணீர்க் குழாயையோ சபை செப்பனிட இயலாதிருந்த அத்தடை, 2018ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தத்தினாலேயே நீங்கியது. வாக்களித்து அனுப்பிய சபை, வாக்களித்தவரின் வாசலுக்கு வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

2023ஆம் ஆண்டில், மலைநாட்டுத் தமிழரின் முன்னோர் வந்து இருநூறாண்டுகள் நிறைவுற்றதை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் கால்நடையாகச் சென்றனர். முன்னோர் பசியோடும் நோயோடும் கடந்த அதே வழி அது. முன்னோர் வேலை தேடி நடந்தனர். இவர்கள் வீட்டுக்கும் காணிக்கும் உரிமை கேட்டு நடந்தனர். ஏனெனில் தனி வீடுகள் பல கட்டப்பட்ட பின்னரும், லயக் காம்பராக்களில் வாழும் குடும்பங்கள் இன்னும் மிகப் பல. அந்த அறை அவர்களுடையதன்று. தோட்டத்தில் ஒருவர் வேலை செய்யும் வரையில் தங்குவதற்கு விடப்பட்டது.

இவ்விடத்தில்தான் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற அச்சொல் மீண்டும் நினைவுக்கு வருகின்றது. சொற்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. மேசையும் கதிரையும் அலமாரியும் தமிழோடு கலந்து தமிழாகிவிட்டன. மொசாம்பிக் மக்கள் ஆண்டவனின் மொழியை எடுத்துத் தம்முடையதாக்கிக்கொண்டது போல, டிக்கோயாவின் தாயும் காம்பரா என்னும் சொல்லைத் தன்னுடையதாக்கிக்கொண்டாள். தன்னுடையதாக இன்னும் ஆகாதிருப்பது அச்சொல் குறிக்கும் அறையே. அந்த அறைக்கு உறுதிப்பத்திரம் ஒன்று அவள் பெயரில் எழுதப்படும் நாளில், பிள்ளைக் காம்பராவில் அவள் விட்டுச் செல்லும் குழந்தை, நாட்டின் எந்தக் காம்பராவுக்குள்ளும் தலைநிமிர்ந்து செல்லும் வழி பிறக்கும். குடியேற்ற ஆட்சி டிக்கோயாவில் முடிவுற்ற நாளென்று வரலாறு அந்நாளைக் குறித்துக்கொள்ளலாம்.